கையில் போட்ட வென்ஃப்ளான் ஏன் வீங்குகிறது? பெரியவர்களுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும் சிரைக் குழாய்ச் சிக்கல்களைத் தவிர்ப்பது எப்படி?

உங்கள் கேள்வி இரண்டு பேரைப் பற்றியது. நிமோனியாவுக்காக ஒரு வாரம் வார்டில் இருந்த அப்பாவுக்குக் கையில் போட்ட வென்ஃப்ளான் (மருந்து ஏற்றச் சிரைக்குள் விட்டு வைக்கும் சிறு பிளாஸ்டிக் குழாய்; பேச்சில் ஊசி என்றும் சொல்வோம்) அடிக்கடி வீங்கியது. ஒரு இடம் சிவந்து தடித்துவிட்டது. தங்கைக்கு 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு என்.ஐ.சி.யு.வில் (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில்) தொப்புள் வழியாகக் குழாய் போட்டிருக்கிறார்கள். இதெல்லாம் கவனக்குறைவால் வருவதா, தவிர்க்க முடியாததா, மூன்று நாளுக்கு ஒருமுறை ஊசியை மாற்றியே தீர வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வார்டிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் நர்ஸாகப் பல வருடம் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு பகுதியைத் தவிர்க்கவே முடியாது. ரத்தக்குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டு கிடந்தால் உடம்பு ஒரு கட்டத்தில் அதை எதிர்க்கத்தான் செய்யும். ஆனால் நான் பார்த்த பெரிய சிக்கல்களில் முக்கால்வாசி, ஊசி குத்துகிற அந்த ஐந்து நிமிடத்தில் வந்தவை அல்ல. பிறகு வந்த நாட்களில் யாரும் அந்த இடத்தைப் பார்க்காததால், தேவை முடிந்தும் எடுக்காமல் விட்டதால் வந்தவை.

முதலில் அப்பாவின் கை. வென்ஃப்ளான் போட்ட இடத்தில் வருவது ஒரே பிரச்சினை போலத் தெரிந்தாலும் உள்ளே நடப்பது வேறு வேறு. குழாயின் முனை சிரையை விட்டு வெளியே வந்து, சலைன் தோலுக்கடியில் சேர்ந்தால் இடம் வீங்கும்; தொட்டால் குளிர்ந்து, வெளுத்து இருக்கும். ‘லைன் அவுட் ஆயிடுச்சு’ என்று வார்டில் சொல்வது இதைத்தான். சிரையின் உள்சுவர் உரசலாலும் மருந்தின் காரத்தாலும் புண்பட்டால் இடம் சிவந்து, சூடாகி, வலிக்கும். சில சமயம் சிரை நெடுக விறைத்துத் தட்டுப்படும். அப்பாவுக்கு இரண்டும் நடந்திருக்கிறது. மூன்றாவது, கிருமி உள்ளே போவது. கையில் போடும் குழாயில் இது குறைவு. ஆனால் வந்துவிட்டால் ரத்தம் முழுக்கப் பரவக்கூடியது.

முதல் இரண்டையும் குறைக்க, எங்கே எந்த அளவு ஊசி என்பதே பாதி வேலை. வென்ஃப்ளானின் நிறத்தைப் பார்த்தே அளவு தெரியும்: பச்சை 18, பிங்க் 20, நீலம் 22, மஞ்சள் 24. எண் கூடக் கூட ஊசி மெல்லிசு. விபத்தில் ரத்தம் கொட்டுகிறவருக்குப் பச்சையோ அதைவிடப் பெரியதோ வேண்டும். வெறும் ஆன்டிபயாடிக் போகிற முதியவருக்குப் பிங்க்கோ நீலமோ போதும். குழாய் சிரையை அடைத்துக்கொண்டு நிற்காமல், சுற்றிலும் ரத்தம் ஓட இடம் இருந்தால்தான் மருந்து கலந்து நீர்த்துப் போகும். இடம் என்றால் முன்கை நல்லது. முழங்கை மடிப்பில் போட்டால் ஒவ்வொரு கவளம் சோறு எடுக்கும்போதும் குழாய் உள்ளே முன்னும் பின்னும் உரசும். ஆனால் அவசரத்தில் கண்ணுக்குப் படுவதும் அந்த மடிப்பிலுள்ள சிரைதான். அதனால்தான் கேஷுவால்டியில் போட்டது வார்டுக்கு வந்து மறுநாளே கெட்டுப்போகிறது. அவசரத்தில், சரியாகச் சுத்தம் செய்ய நேரமில்லாமல் போட்ட ஊசியை 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட வேண்டும் என்பது பொதுவான விதி.

மருந்தும் ஒரு காரணம். வான்கோமைசின், பொட்டாசியம் குளோரைடு, ஃபெனிடாயின், அமியோடரோன் எல்லாம் சிரையை எரிப்பவை. நன்றாக நீர்க்கச் செய்து மெதுவாகப் போட வேண்டியதை, டியூட்டி முடிகிற நேரத்தில் வேகமாகத் தள்ளினால் கை சிவப்பதில் ஆச்சரியமில்லை. இன்னொன்று: சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றால் முன்கைச் சிரைகளைச் சேமித்து வைக்க வேண்டும், பின்னால் டயாலிசிஸுக்காகச் சிரையையும் தமனியையும் இணைக்கிற ஃபிஸ்டுலா செய்ய அவைதான் வேண்டும். அவருக்குப் புறங்கையில் போடச் சொல்லுங்கள். ஃபிஸ்டுலா இருக்கிற கையைத் தொடவே கூடாது.

சரி, மூன்று நாள் விஷயத்துக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 3,283 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு மூன்றாம் நாள் கட்டாயம் மாற்றினார்கள். மற்றதற்குப் பிரச்சினை வந்தால் மட்டும். 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: சிரை அழற்சி, அதாவது சிரை புண்பட்டுச் சிவந்து வலிப்பது, இரண்டு பிரிவிலும் 7 சதவீதம்தான். அதாவது, நன்றாக வேலை செய்கிற ஊசியை நாட்காட்டி பார்த்துப் பிடுங்கத் தேவையில்லை. எங்கள் ஆட்களில் பலர் இதைப் பாதிதான் காதில் வாங்கினார்கள். மாற்ற வேண்டாம் என்றால் பார்க்கவும் வேண்டாம் என்று பொருளில்லை. அந்த ஆய்வே, ஊசியை அக்கறையாகக் கவனித்துக்கொண்டிருந்தால் என்ற நிபந்தனையில் நிற்பது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவர் அந்த இடத்தைப் பார்க்காத வார்டில், மூன்று நாள் விதியை அப்படியே வைத்துக்கொள்வதுதான் நோயாளிக்கு நல்லது என்று நான் நினைக்கிறேன்.

பார்ப்பதற்கு ஓர் எளிய அளவுகோலும் உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஜாக்சன் 1998-ல் கொண்டுவந்தது. 0 முதல் 5 வரை மதிப்பெண். லேசான வலியோ லேசான சிவப்போ மட்டும் இருந்தால் 1, கவனித்துக்கொண்டிருக்கலாம். வலி, சிவப்பு, வீக்கம் இந்த மூன்றில் இரண்டு சேர்ந்துவிட்டால் 2. அப்போதே எடுத்துவிட வேண்டும். இதற்கு இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே! வெள்ளை ப்ளாஸ்டரை நாலாபுறமும் சுற்றி ஒட்டிவிட்டால் உள்ளே சீழ் கட்டினாலும் தெரியாது. கண்ணாடி போன்ற ஒட்டுப்படலம் விலை கூடுதல்தான். அது இல்லாவிட்டால், ஊசி நுழைகிற இடத்தை மட்டுமாவது திறந்து தெரியும்படி ஒட்டலாம்.

கிருமி எந்த வழியாக உள்ளே போகிறது? முதல் சில நாட்களில் தோல் வழியாக, குழாயின் வெளிப்புறம் ஒட்டிக்கொண்டு. நாள் ஆக ஆக, மருந்து செலுத்துகிற வாய் வழியாக. உங்கள் அப்பாவின் வென்ஃப்ளானில் மேலே நிறமூடி போட்ட ஒரு சிறு வாய் இருந்திருக்கும். நம் வார்டுகளில் அந்த மூடி திறந்தே கிடப்பதை எண்ணி முடியாது. மூடியைக் கழற்றி மெத்தை மேல் வைப்பது, பல்லால் கடித்துத் திறப்பது, த்ரீ வே (மூன்று வாய் உள்ள இணைப்பான்) மூடி தொலைந்துபோய் அதன் வாயில் பஞ்சைச் செருகி வைப்பது, எல்லாம் பார்த்திருக்கிறேன். மருந்து போடுவதற்கு முன் அந்த வாயை ஆல்கஹால் பஞ்சால் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, காய விட வேண்டும். ஒரு தடவை தடவிவிட்டு ஈரத்தோடு சிரிஞ்சைச் செருகுவதில் பயனில்லை.

பாட்டிலையும் பாருங்கள். விறைப்பான பிளாஸ்டிக் சலைன் பாட்டில் சரியாக இறங்காதபோது அதன் தலையில் ஓர் ஊசியைக் குத்தி விடுவார்கள், ஏர் நீடில் என்று. வார்டுக் காற்று நேராகச் சலைனுக்குள் போகிறது. தானாகச் சுருங்குகிற பை என்றால் இந்த வேலையே இல்லை. அதேபோல 100 மி.லி. சலைன் ஒன்றை உடைத்து, நாள் முழுக்கப் பத்துப் பேருக்கு ஃப்ளஷ் செய்ய (குழாயைச் சலைனால் அலச) உறிஞ்சிக்கொண்டே இருப்பது. அதில் ஒரு துளி ரத்தமோ கிருமியோ சேர்ந்தால் பத்துப் பேருக்கும் போகும். திரவமே கெட்டிருந்தால் என்ன ஆகும் என்பதை 1970-71-ல் அமெரிக்கா பார்த்தது. பாட்டில் மூடியில் இருந்த கிருமியால் நாடு முழுக்கப் பல மருத்துவமனைகளில் ஒரே நேரத்தில் ரத்தத் தொற்று வந்தது.

கழுத்திலோ தோளுக்குக் கீழோ தொடையிலோ போடும் பெரிய குழாய் அடுத்த படி. சென்ட்ரல் லைன் என்பார்கள். இதில் தொற்று வந்தால் உயிருக்கே ஆபத்து. ‘ஐ.சி.யு. என்றால் தொற்று வரத்தான் செய்யும்’ என்று உலகம் முழுக்க நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை மருத்துவர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யு.க்களில் ஐந்தே விஷயங்களை நடைமுறைப்படுத்தினார்: கை கழுவு, தொப்பி, மாஸ்க், கவுன் அணிந்து நோயாளியின் முழு உடம்பையும் சுத்தமான துணியால் மூடு, தோலைக் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினியால் துடை, முடிந்தவரை தொடையைத் தவிர், தேவையில்லாத குழாயை எடு. புது மருந்து ஒன்றும் இல்லை. 2006-ல் வெளியான முடிவின்படி, சராசரித் தொற்று 1000 குழாய் நாளுக்கு 7.7 என்பதிலிருந்து ஒன்றரை வருடத்தில் 1.4-க்கு இறங்கியது. நூறு பேருக்குப் பத்து நாள் குழாய் இருந்தால் அது 1000 குழாய் நாள்.

அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது ஐந்து விஷயங்கள்கூட இல்லை. டாக்டர் ஒரு படியைத் தவறவிட்டால், அவசரம் இல்லாத பட்சத்தில், வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை நர்ஸுக்குக் கொடுத்தார்கள். ‘சார், கவுன் போடல’ என்று ஒரு ஜூனியர் சிஸ்டர் சீனியர் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக முடிகிற மருத்துவமனையில்தான் இந்த ஐந்தின் செக்லிஸ்ட் வேலை செய்யும். மற்ற இடங்களில் அது வேலை முடிந்தபின் டிக் அடிக்கிற காகிதம்.

இடத்தைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. பிரான்சில் 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், காறை எலும்புக்கு (கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள எலும்பு) கீழே போட்ட குழாயில்தான் தொற்றும் ரத்தக்கட்டும் குறைவு. ஆனால் நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவது 1.5 சதவீதம் பேருக்கு வந்தது, கழுத்தில் போட்டவர்களுக்கு அது 0.5. அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே குத்தினால், தவறித் தமனியில் குத்துவது நன்றாகக் குறையும்.

இப்போது குழந்தை. 30 வாரக் குழந்தையின் தோல் ஈரக் காகிதம் போல மெலிந்தது; ப்ளாஸ்டரைப் பிய்த்தாலே உரிந்து வரும். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் மொத்த ரத்தமே 80-லிருந்து 90 மி.லி.தான். குழாய் கழன்று நான்கைந்து மி.லி. ரத்தம் துணியில் ஊறினாலே அதற்குப் பெரிய இழப்பு. எனவே பெரியவர்களுக்கான விதிகளை அப்படியே சின்னதாக்கிப் பொருத்த முடியாது.

தோல் சுத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு ஆல்கஹால் கலந்த 2 சதவீத குளோர்ஹெக்ஸிடின் மிகச் சிறந்தது. மிகக் குறைமாதக் குழந்தைக்கு அதுவே முதுகுக்கடியில் தேங்கி நின்றால் தோலை வேகவைத்துவிடும். அதனால் குறைவாக எடுக்க வேண்டும், வழிந்ததை உடனே ஒற்றி எடுக்க வேண்டும், நனைந்த துணியை மாற்ற வேண்டும். பொவிடோன் அயோடின் என்றால், காய்ந்தபின் துடைத்து எடுக்க வேண்டும். அயோடின் தோல் வழியே உள்ளே போய்த் தைராய்டு வேலையைக் குறைக்கும்.

கையிலோ காலிலோ மஞ்சள் அல்லது ஊதா நிற வென்ஃப்ளான் போட்ட குழந்தையை நல்ல நர்ஸ் எப்படிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். மணிக்கு ஒருமுறை இன்குபேட்டரின் சிறு கதவு வழியாகக் கையை விடுவார். துணியை விலக்குவார். ஊசி இருக்கிற காலை விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பார்: மெத்தென்று இருக்கிறதா, விறைப்பாக இருக்கிறதா, குளிர்ச்சியா, சூடா? அப்புறம் மற்றொரு காலைப் பக்கத்தில் வைத்து இரண்டும் ஒரே தடிமனா என்று பார்ப்பார். விரல்களின் நிறத்தைப் பார்ப்பார். இருபது விநாடி வேலை. மருந்தை அளவாகத் தள்ளுகிற பம்பின் அலாரம் அடிக்கட்டும் என்று காத்திருப்பவர் ஏமாந்துபோவார். மருந்து வெளியே கசிந்தாலும் பம்ப் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அட்டை வைத்துக் கட்டும்போதும் விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும், மூட்டைச் சுற்றி முழு வளையமாக ப்ளாஸ்டர் ஒட்டக் கூடாது. வீட்டார் கட்டிய வசம்பு வளையலோ கறுப்புக் கயிறோ அந்தக் கையில் இருந்தால் கழற்றிவிடச் சொல்வோம். கை வீங்கினால் அதுவே இறுக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது கால்சியம். கால்சியம் குளுக்கோனேட் தோலுக்கடியில் கசிந்தால் சதை கருகி, பின்னால் தழும்பாக நிற்கும். டோபமைன் போன்ற மருந்துகளும், செறிவான குளுக்கோஸும் அப்படித்தான். சின்னச் சிரையில் 12.5 சதவீதத்துக்கு மேல் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) போகக் கூடாது என்பது அதனால்தான். கசிந்தது தெரிந்தால் முதலில் பம்பை நிறுத்த வேண்டும். ஊசியைப் பதற்றத்தில் பிடுங்கிவிடாமல் அதன் வழியாகவே முடிந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டு, பிறகு கழற்ற வேண்டும். இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. காலை உயர்த்தி வைத்து டாக்டரைக் கூப்பிட வேண்டும். சில மருந்துகளுக்கு ஹயலுரோனிடேஸ் ஊசியோ, சிறு துளைகள் போட்டுச் சலைனால் கழுவுவதோ தசையைக் காப்பாற்றும். நேரம்தான் முக்கியம். மறுநாள் ரவுண்ட்ஸில் காட்டிக்கொள்ளலாம் என்பது இங்கே ஆகாது.

தங்கை குழந்தைக்குப் போட்டிருக்கிற தொப்புள் குழாய் பிறந்த முதல் நாட்களில் பெரிய வரம். தொப்புள்கொடியிலுள்ள சிரை திறந்தே இருப்பதால் வலியில்லாமல் போடலாம். ஆபத்து அதன் முனை எங்கே நிற்கிறது என்பதில். இதயத்தின் வலது மேலறைக்குள் நுழைகிற வாசலில், ஏறத்தாழ உதரவிதானத்தின் மட்டத்தில் நிற்க வேண்டும். கீழேயே நின்றால் கல்லீரலுக்குள் மருந்து போய் அங்கே புண்ணாகும். ரொம்ப உள்ளே போனால் இதயச் சுவரை உறுத்தி, இதயத்தைச் சுற்றி நீர் சேர்ந்து துடிப்பையே அமுக்கிவிடும். குழாய் இருக்கிற குழந்தை திடீரென்று நீலம் பாய்ந்து, துடிப்பு குறைந்து, காரணம் புரியாமல் சரிந்தால் இதை முதலில் நினைக்க வேண்டும். எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) வைத்துப் பார்த்து நீரை உறிஞ்சி எடுத்தால் குழந்தை பிழைக்கும்.

போட்ட அன்று எக்ஸ்ரேயில் சரியாக இருந்தது என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. கொடி காய்ந்து சுருங்கும், வயிறு உப்பும் இறங்கும், முனையும் நகரும். அதனால்தான் குழாயில் எத்தனையாவது சென்டிமீட்டர் கோடு வெளியே தெரிகிறது என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் எழுதுவோம். சந்தேகம் வந்தால் மறுபடி படம் எடுப்பார்கள்; அல்ட்ராசவுண்டில் முனை இன்னும் தெளிவாகத் தெரியும். எவ்வளவு நாள் வைக்கலாம்? அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் 14 நாள் வரை என்றது. பல பிரிவுகளில் ஒரு வாரத்துக்குள் எடுத்துவிட்டு, இன்னும் தேவைப்பட்டால் கை அல்லது கால் சிரை வழியாக இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரை வரை செல்கிற பிக் லைன் என்ற நீளக் குழாயைப் போடுகிறார்கள். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது.

பிக் லைன் நூல் மாதிரி மெல்லிசு, சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதில் ரத்தம் எடுப்பதோ ஏற்றுவதோ கூடாது. ஃப்ளஷ் செய்யக் குறைந்தது 10 மி.லி. சிரிஞ்ச் வேண்டும், சிரிஞ்ச் சின்னதாகச் சின்னதாக அழுத்தம் கூடிக் குழாயே வெடித்துவிடும். அடைத்திருந்தால் பலம் கொண்டு தள்ளக் கூடாது.

குழந்தைகளிடம் தொற்று எப்படி வருகிறது என்பதிலும் நம் நாட்டுக் கதை வேறு. மேலை நாடுகளில் குழாயில் ஒட்டி வளர்வது பெரும்பாலும் தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகை. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தில் முன்னணியில் இருந்தவை அசினெட்டோபாக்டரும் கிளெப்ஸியெல்லாவும், அதுவும் பல மருந்துகளுக்கு அடங்காதவை. இவை ஈரத்தில் வாழ்பவை: சிங்க், ஈரத் துணி, திறந்து வைத்த திரவம். எனவே ஏர் நீடிலும் பொது சலைன் பாட்டிலும் இங்கே சின்ன விஷயம் இல்லை.

குழாய்த் தொற்றுக்கு மிகப் பெரிய தடுப்பு தங்கையிடமே இருக்கிறது: தாய்ப்பால். குழாய் எதற்கு இருக்கிறது? வயிற்று வழி போதாத சத்தைக் கொடுக்க. பால் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 100-லிருந்து 120 மி.லி. அளவை எட்டிவிட்டால் பெரும்பாலும் குழாயை எடுத்துவிடலாம். அவரால் வர முடியாவிட்டாலும், பீய்ச்சி அனுப்பச் சொல்லுங்கள். முதல் நாள் நான்கு சொட்டுதான் வந்தது என்று கவலைப்பட வேண்டாம், அதுவே போதும். ஆன்டிபயாடிக்கை ‘முன்னெச்சரிக்கையாக’ நீட்டிக் கேட்காதீர்கள். குழாய் இருக்கிறது என்பதற்காக மட்டும் கொடுக்கும் ஆன்டிபயாடிக், அடங்காத கிருமியைத்தான் வளர்க்கும்.

நீங்கள் செய்யக்கூடியது என்ன? தினமும் காலை ரவுண்ட்ஸில் ‘இந்த லைன் இன்னிக்கும் தேவையா டாக்டர்?’ என்று மரியாதையாக ஒரு கேள்வி. அப்பா சாப்பிடுகிறார், மாத்திரை விழுங்குகிறார் என்றால் நியாயமான கேள்விதான் இது. ‘ரெண்டு பாட்டில் ட்ரிப்ஸ் ஏத்தினா தெம்பு வந்துடும்’ என்று நாமே கேட்டு வாங்குவதையும் நிறுத்த வேண்டும். ஒரு பாட்டில் 5 சதவீத குளுக்கோஸில் இருக்கிற சக்தி, 25 கிராம் சர்க்கரையின் அளவுதான். ட்ரிப்ஸின் சக்கரத்தை நீங்களே திருகி வேகம் கூட்டாதீர்கள்.

பாட்டில் காலியானால் காற்று போய்விடுமோ என்று பலரும் பதறுவார்கள். கையில் போட்ட சாதாரண ட்ரிப்ஸில் பெரும்பாலும் ஓட்டம் நின்று ரத்தம் குழாயில் ஏறி உறையும், அவ்வளவுதான். குட்டிக் குமிழிகள் பெரியவர்களை ஒன்றும் செய்யாது. சென்ட்ரல் லைனிலும் பச்சிளங்குழந்தைகளிடமும் அப்படியில்லை. குழந்தையின் இதயத்தில் வலப் பக்கத்துக்கும் இடப் பக்கத்துக்கும் இடையே வழி இன்னும் முழுதாக மூடியிருக்காது. சின்னக் குமிழிகூட மூளைக்குப் போகலாம். கழுத்துக் குழாயை எடுக்கும்போதும் காற்று உள்ளிழுக்கப்படக்கூடும். அதனால் நோயாளியைத் தட்டையாகப் படுக்க வைத்து, மூச்சை வெளியே விடச் சொல்லி எடுத்து, அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும். உட்கார வைத்து உருவுவது தவறு.

கடைசியாக, அப்பாவின் கையில் இன்னும் இருக்கிற தடிப்பு. ஊசியை எடுத்த பிறகும் அது சில வாரம் தட்டுப்படலாம். வார்டில் மேக் சல்ஃப் கிளிசரின் பஞ்சு வைத்துக் கட்டுவார்கள். வீட்டில் வெதுவெதுப்பான ஒத்தடமும், டாக்டர் சொன்னால் ஹெபாரின் கலந்த களிம்பும் போதும். காய்ச்சல், குளிர் நடுக்கம், சீழ், சிவப்பு மேல்நோக்கிப் படர்வது, கை முழுவதும் வீங்குவது இவற்றில் எது வந்தாலும் களிம்பை நம்பிக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ஊசி எந்தத் தேதியில் போட்டது, எந்த ஆன்டிபயாடிக் அதன் வழியாகப் போனது என்று டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.